தன் வண்டிக்கே டாட்டா காட்டியவர்

வெங்கடநாராயணனுக்கு முப்பத்து மூன்று வயது. சால்ட் லேக் ஐந்தாவது செக்டரில் கம்ப்யூட்டர் வேலை, டாலிகஞ்சில் சொந்த ஃப்ளாட், சிகரெட் கிடையாது, குடி கிடையாது. ஒரு மாப்பிள்ளைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்பது என் அம்மா விஜயாவின் கட்சி. கண் வேண்டும் என்பது என் கட்சி. அந்த மனிதருக்கு ரயில் தவிர வேறெதுவும் கண்ணில் படாது.

ரயில் பிடிக்கும் என்றால் நம்மைப்போல ஜன்னலோரம் உட்கார்ந்து முறுக்கைக் கடிக்கிற பிடித்தம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கல்கத்தாவே பையைத் தூக்கிக்கொண்டு மீன் வாங்கப் போகும். இவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏதாவது ஒரு ஸ்டேஷனின் பிளாட்பார முனைக்குப் போவார். போகிற வண்டியை எல்லாம் வீடியோ எடுப்பார். கடைசிப் பெட்டியில் கொடியோடு நிற்கும் கார்டுக்குக் கையசைப்பார். கார்டு திருப்பிக் கையசைத்துவிட்டால் திருப்பதியில் தரிசனம் கிடைத்த மாதிரி. ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்து, காபி ஆறுகிற வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் அப்பா சந்தானம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவர் உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்றார்.

"இல்லை மாமா."

"பின்னே எதுக்குக் கையசைச்சார்?"

"நான் அசைச்சேனே மாமா!"

அப்பா பேப்பரை எடுத்து முகத்துக்கு முன்னால் விரித்துக்கொண்டார்.

ஆஃப்லிங்க் என்று ஒரு சொல் வைத்திருக்கிறார். ஒரு வண்டிக்கு வழக்கமாக வருகிற எஞ்சின் வராமல் வேறொன்று வந்து மாட்டினால் அதற்கு அந்தப் பெயராம். அதைச் சொல்லும்போது முகமெல்லாம் பூரித்துப்போய் ஒரு சிரிப்பு சிரிப்பார். நல்ல சிரிப்புதான். அதை மறுக்கவில்லை. இரண்டு வருஷமாக என் தம்பியின் ஆபீஸ் சிநேகிதர் என்று வீட்டுக்கு வந்து போகிறவர், என்னைப் பார்த்து ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை என்பதையும் நான் கவனித்திருந்தேன்.

தம்பி ஸ்ரீநாத்துக்கு சிலிகுரியில் பெண் அமைந்தது. சுபிக்ஷா என்று பெயர். அவள் அப்பா மத்திய அரசு வேலையில் மாற்றலாகி அங்கே போனவர். அக்கா நான் குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கத் தம்பிக்கு நிச்சயதார்த்தம். அம்மாவும் அப்பாவும் முதல் நாளே விமானத்தில் கிளம்பினார்கள். கிளம்புமுன் அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"நாளைக்கு எல்லாரும் வருவா, வெங்கட்டோட அம்மாவும் வரா. பெரியவளுக்கு எப்போன்னு தொளைச்சு எடுப்பா. வெங்கட்டோட ஒரு ராத்திரி ரயில்ல போகப்போறேள். எறங்கறதுக்குள்ள மனசைத் தெரிஞ்சுண்டு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு. சரின்னா அந்தச் சபையிலயே அவாத்துல பேசி முடிச்சுடறேன். வேண்டாம்னா இனிமே இந்தப் பேச்சே எடுக்கமாட்டேன்."

நிச்சயப் புடவை எங்களோடு வந்தது. காளிகாட் தையற்காரர் ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கத் தாமதமாகி, கடைசி நாள்தான் கைக்கு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் தருகிற அந்தப் பட்டைப் பெண் உடுத்தி வந்து உட்கார்ந்தால்தான் எங்களில் லக்ன பத்திரிகை வாசிப்பார்கள். "உசிரைக் காப்பாத்தற மாதிரி காப்பாத்து" என்று அம்மா ஃபோனில் மூன்று தடவை சொன்னாள்.

டிக்கெட் எடுத்தவர் வெங்கட். நேராகப் போகிற வண்டிகள் எத்தனையோ இருக்க, ஊரைச் சுற்றிக்கொண்டு போகிற ஒரு சிறப்பு ரயிலில் எடுத்திருந்தார்.

"ஏன் தலையைச் சுத்தி மூக்கைத் தொடணும்?" என்றேன்.

"நடுவுல ஒரு ஜங்ஷன்ல வண்டி திசை மாறும், ஷோபனா. அதுவும் டீசல் எஞ்சின். இனிமே இதெல்லாம் பார்க்கக் கிடைக்காது."

நாங்கள் நான்கு பேர். தம்பி, நான், வெங்கட், அப்புறம் தம்பியின் இன்னொரு சிநேகிதன் சைதன்யா. இந்த சைதன்யா கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழைவிட வங்காளி அவனுக்குச் சரளம். வண்டியின் இரண்டு முனையிலும் கார்டு பெட்டி உண்டு; எஞ்சினுக்கு அடுத்தது அதில் ஒன்று, அதற்கு அடுத்தது எங்கள் பெட்டி. எஞ்சின் சத்தம் நன்றாகக் கேட்கும் என்று பார்த்துப் பார்த்து எடுத்த இடம்.

ராத்திரி சாப்பாட்டுக்கு நான் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி கொண்டுவந்திருந்தேன். அதை எங்களைத் தின்னவிட்டாரா வெங்கட்? இட்லிகளை வரிசையாக அடுக்கி வண்டி என்றார். முன்னால் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்து எஞ்சின் என்றார்.

"இப்போ இந்த எஞ்சின் கழண்டுடும். வேற எஞ்சின் பின்பக்கம் வந்து மாட்டும். வண்டி வந்த பக்கமே திரும்பிப் போகும். முன்னாடி இருக்கற நாம கடைசியா ஆயிடுவோம். நிறைய பேருக்கு இது தெரியாது. எஞ்சினைப் பார்க்கறேன்னு இறங்கி நின்னுண்டு வண்டியை விட்டுடுவா." சொல்லிவிட்டு அந்த முட்டாள்களை நினைத்து அவரே சிரித்துக்கொண்டார்.

"புஜேச்சி, வெங்கட்தா! புரிஞ்சுடுத்து. கடைசிப் பெட்டியை இங்க தள்ளுங்க, பசிக்கறது" என்றான் சைதன்யா.

படுக்கப் போகும்போது புடவைப் பேச்சு வந்தது. சீட்டுக்கு அடியில் வைத்தால் அழுக்காகுமாம், மேலே வைத்தால் விழுமாம். தன் கேமரா பையில் மெத்தை வைத்துத் தைத்திருப்பதால் அதுதான் பத்திரமாம். நிஜக் காரணம் எனக்குத் தெரியும். புது லென்ஸ் ஆடாமல் இருக்க அண்டை கொடுக்க ஒரு துணி தேவைப்பட்டது. காஞ்சிபுரம் பட்டு லென்சுக்குத் தலையணை ஆயிற்று. திட்ட வாயெடுத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து, அந்தச் சிரிப்பில் பாதியைச் சிரித்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். என்னை எதால் அடிப்பது?

விடிகிற நேரத்தில் ஜங்ஷன் வந்தது. வண்டி நிற்பதற்குள் பையை மாட்டிக்கொண்டு கதவருகே போய்விட்டார்.

"புடவையை எடுத்து வெச்சுட்டுப் போங்கோ" என்றேன்.

"இதோ வந்துடறேன், ஷோபனா."

நானும் எழுந்து முகம் கழுவி, தலையைச் சீவிக்கொண்டு கதவருகே வந்து நின்றேன். அவர் திரும்பி ஏறியதும் அம்மாவிடம் சொல்லப்போவதை முதலில் அவரிடமே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். என்ன சொல்ல இருந்தேன் என்பதைத் தலை சீவிக்கொண்டு போய் நின்றதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

எஞ்சின் கழன்று சற்றுத் தள்ளிப் போய் நின்றது. இவர் அதன் பக்கத்தில் நின்று, கோயில் தேரைப் பார்ப்பவர்போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் மறுமுனையில் ஹாரன் கேட்டது. வண்டி நகர்ந்தது, அவரை விட்டு எதிர்ப்பக்கமாக.

"வெங்கட்! வண்டி போறது! வாங்கோ!"

திரும்பினார். ஓடி வருவார் என்று ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினேன். அவர் கேமராவைத் தூக்கினார். நாங்கள் போவதை வீடியோ எடுத்தார். எடுத்துக்கொண்டே கையசைத்தார். எனக்குத்தான் அசைக்கிறார் என்று நினைத்தேன், பைத்தியக்காரி.

பிளாட்பாரத்தில் நின்று ஊர் வண்டியை எல்லாம் வழியனுப்பியே பழகிய கை. தன் வண்டியையும் வழியனுப்பியது. ராத்திரி முழுக்க ஊருக்கு உபதேசம் செய்த வாய்க்குக் காலையில் ஒன்றும் நினைவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்! நான் உள்ளே ஓடி இரண்டு பேரையும் உலுக்கி எழுப்பி, அபாயச் சங்கிலி எங்கே என்று மூவரும் தேடுவதற்குள் ஊரே பின்னால் போய்விட்டது. அவருடைய ஃபோன் பெர்த்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. புடவை அவர் முதுகில் இருந்தது.

முகூர்த்தம் யாருக்கும் காத்திருக்காது. சுபிக்ஷாவின் அம்மா தன் பீரோவிலிருந்து ஒரு பட்டை எடுத்துக் கொடுத்தாள். பெண் வீட்டுப் புடவையிலேயே பெண் வந்து உட்கார, லக்ன பத்திரிகை வாசித்து முடித்தார்கள். "பிள்ளையாத்துப் புடவை ரயில்ல வந்துண்டே இருக்காம்" என்று அவர்கள் பக்கத்து மாமி ஒருத்தி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஸ்ரீநாத்தின் முகம் சுண்டைக்காயாகிவிட்டது.

பாயசம் பரிமாறும்போது வெங்கடநாராயணன் அடுத்த வண்டியைப் பிடித்து வந்து சேர்ந்தார். பையிலிருந்து புடவையை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். தலைப்பு முழுக்கக் கசங்கி, நடுவில் லென்ஸ் அழுந்திய இடத்தில் வட்டமாக ஒரு கறுப்புக் கறை.

"மன்னிச்சுக்கோங்கோ மாமி. தப்புதான்" என்றார். நிஜமாகவே வருந்தினார். மோர் வருவதற்குள் வருத்தம் தீர்ந்துவிட்டது. என் பக்கத்தில் கேமராவோடு வந்து உட்கார்ந்தார்.

"ஷோபனா, இதைப் பாரேன். பிரமாதமா வந்திருக்கு."

பார்த்தேன். விடியற்காலை வெளிச்சம். வண்டி மெல்ல நகர்கிறது. கதவில் ஒருத்தி நிற்கிறாள். தலை சீவியிருக்கிறாள். கையை முழங்கை வரை வெளியே நீட்டி, தொண்டை கிழிய அவர் பெயரைக் கூப்பிடுகிறாள். புடவைக்காகக் கூப்பிடுகிறவள் முகம் அப்படி இருக்காது. என் முகம் அப்படி ஆகும் என்று எனக்கே அதுவரை தெரியாது. வழியில் போகிற யாரைக் கூப்பிட்டுக் காட்டினாலும், இவள் இவனை விரும்புகிறாள் என்று சொல்லிவிடுவார்கள்.

படம் என் மேல் ஒரு நொடிகூட நிற்கவில்லை. என்னைத் தாண்டி, எனக்கு அடுத்த பெட்டிக்குப் போய், கார்டை அருகில் இழுத்துக் காட்டியது. பிறகு நான் கண்ணுக்கு மறைவதற்கு முன்பே திரும்பி அந்தப் பழைய எஞ்சினிடம் வந்துவிட்டது. எஞ்சினை ஆற அமர மேலும் கீழும் காட்டிய பிறகுதான், "ஐயோ, நம்ம வண்டி!" என்று அவர் குரல் கேட்டது.

"பார்த்தியா?" என்றார். முகமெல்லாம் பூரிப்பு. இரண்டு வருஷமாக நான் எதிர்பார்த்திருந்த சிரிப்பு, என் முகத்துக்கு நேரே. "கார்டு திருப்பிக் கையசைச்சார்!"

"பார்த்தேன்" என்று கேமராவைக் கொடுத்துவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினேன். தண்ணீரில் முகத்தையும் கழுவிக்கொண்டேன். அழுகை வந்தது, வேறென்ன.

அம்மா பின்னாலேயே வந்தாள். "என்னடி, என்ன சொல்றே? வெங்கட்டோட அம்மா கேக்கறா."

"வேண்டாம்மா."

அம்மா கையிலிருந்த கறைபட்ட பட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஒரு புடவைக்காகவா?"

"ஆமாம்" என்றேன்.