எஸ்டெல் வாசித்த வாரம்

எங்கள் ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் எஸ்டெல் லிப்மனிடம் திட்டு வாங்கித்தான் ஓட்டக் கற்றிருப்பார்கள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, வண்டி எந்தச் சுவரில் முட்டினாலும் பதறாமல், "சரி, பின்னாடி எடு" என்பாள். அவள் பதறி நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அது போன மே மாதம், ஒரு சனிக்கிழமை காலை.

எங்கள் யூதக் கூட்டம் சின்னது. எல்லோரும் வந்தால் முப்பது பேர், கடல் பக்கமிருந்து மழை அடித்தால் அதில் பாதி. சொந்தக் கட்டடம் கிடையாது. குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினரின் கூடத்தை வாடகைக்கு எடுத்து, ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை கூடுகிறோம். ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காருவோம், எங்கள் வேதமான தோராவில் வாரத்துக்கு ஒன்றென்று வகுத்த பகுதியைச் சுருளிலிருந்து யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். இதற்காகவே பழைய முறைக்காரர்கள் எங்கள் வழிபாட்டை வழிபாடாகவே மதிப்பதில்லை. மதிக்காவிட்டால் போகட்டும். தேநீர்ப் பொறுப்பு என்னுடையது, அதனால் ஊர் வம்பெல்லாம் முதலில் எனக்குத்தான் வரும்.

எஸ்டெல் வளர்ந்தது மான்செஸ்டரில், பழைய முறைக் குடும்பத்தில். அண்ணன் மெர்வின் பதின்மூன்று வயதில் ஊர் கூடியிருக்க சுருளிலிருந்து வாசித்தான். தங்கைக்குப் பெண்களோடு மாடியில் இடம். அவன் வீட்டில் பாடிப் பாடிப் பழகியதைச் சுவருக்கு இந்தப்பக்கம் கேட்டே அவளுக்கு எல்லாம் மனப்பாடம். ஆனால் அவளை யார் கேட்டார்கள்? எழுபத்துநாலு வயதில், கணவன் போன பிறகுதான், "நானும் வாசிக்கிறேன்" என்று வாய் திறந்தாள். எங்கள் வழிபாட்டை நடத்தும் பல் மருத்துவர் நயோமி, குளிர்காலம் முழுக்க அவளுக்கு எழுத்தும் ராகமும் சொல்லிக்கொடுத்தாள்.

எஸ்டெலுக்கு வேண்டியது ஒன்றுதான். தான் வாசிப்பதை மெர்வின் கேட்க வேண்டும். தொலைபேசியில் அவர் சொன்ன பதிலை அவளே எனக்கு நடித்துக் காட்டினாள்.

"வரேன். ஆனா உங்க பிரார்த்தனைல எல்லாம் சேர மாட்டேன். பின்னாடி உக்காந்து என் புஸ்தகத்துல என் வாரத்தை நானே படிச்சுக்குவேன்."

"வந்தா போதும்."

"நடுவுல கை தட்டுவீங்களோ?"

"இல்ல, டான்ஸ் ஆடுவோம். தொப்பியக் கெட்டியாப் பிடிச்சுக்கோ."

வியாழக்கிழமை ரயிலில் வந்து இறங்கினார், தன் சாப்பாட்டையும் தன் தட்டையும் கட்டிக்கொண்டு. சனிக்கிழமை ஓய்வு நாள், அவர் காரில் ஏற மாட்டார். ஆகவே ஊருக்கே கார் கற்றுக்கொடுத்தவள் அண்ணனோடு கடற்கரைச் சாலையில் நடந்தே கூடத்துக்கு வந்து சேர்ந்தாள்.

மெர்வின் கடைசி வரிசையில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார். நயோமி மேசையில் சுருளை அந்த வாரத்துப் பகுதிக்கு விரித்து வைத்திருந்தாள். எஸ்டெல் கடைசியாக ஒரு முறை பார்த்துக்கொள்ளக் குனிந்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"இது என்னோடது இல்ல."

"பதட்டப்படாத, நல்லாப் பாரு," என்றாள் நயோமி.

"குளிர்காலம் பூரா படிச்சிருக்கேன் நயோமி. இது அது இல்ல."

விஷயம் இதுதான். அந்த வருடம் பஸ்காப் பண்டிகையின் எட்டாம் நாள் சனிக்கிழமையில் விழுந்தது. நாங்கள் ஏழு நாளோடு பண்டிகையை முடிப்பவர்கள், பழைய முறைக்காரர்கள் எட்டு நாள் கொண்டாடுபவர்கள். அந்தச் சனிக்கிழமை அவர்கள் பண்டிகைப் பகுதியை வாசிக்க, நாங்கள் வழக்கமான பகுதிக்குப் போய்விட்டோம். அதிலிருந்து அவர்கள் எங்களுக்கு ஒரு வாரம் பின்னால். எஸ்டெலின் சமையலறையில் தொங்குவதோ வருடாவருடம் மெர்வின் அனுப்பும், பழைய முறைப்படி வாரப் பகுதிகள் அச்சிட்ட மான்செஸ்டர் கறிக்கடை நாள்காட்டி. அதைப் பார்த்துத்தான் தன் பகுதியைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். நயோமியும் தேதியைச் சரிபார்க்கவில்லை. போன சனிக்கிழமை எங்களுக்குக் கூட்டமில்லாததால் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

எஸ்டெல் என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். "நயோமியையே வாசிக்கச் சொல்லிடு. எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சுன்னு சொல்லு."

"எதுக்கு? சுருளைக் கொஞ்சம் பின்னாடி சுத்தினா உன்னோடது வந்துடப்போகுது."

"மெர்வின் முன்னாடியா? 'எந்த வாரம்னே தெரியாத கும்பல், இவளும் அதுல ஒருத்தி'ன்னு ஆயுசு பூரா சொல்லிக் காட்டுவான்."

"எம்பது வயசு ஆச்சு. இன்னும் எவ்வளவு நாள் சொல்லிடுவாரு?"

அவள் சிரிக்கவில்லை. எனக்கு அந்த மனுஷர் மேல் எரிச்சல் பொங்கியது. பாவம், அதுவரை அவர் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

நயோமி கதவருகே வந்து நின்றாள். "பின்னாடி எடுக்கறது எப்படின்னு உனக்குச் சொல்லியா குடுக்கணும் எஸ்டெல்? வா."

எல்லோரும் பார்க்க, இரண்டு பேருமாகச் சுருளைப் பின்னால் சுற்றினார்கள். நயோமி எதையும் மறைக்கவில்லை. "தேதியப் பாக்காம விட்டது என் தப்பு. நாமதான் முற்போக்கு ஆளுங்க, ஒரு வாரம் முன்னாடி போயிட்டோம். இன்னைக்கு மட்டும் கொஞ்சம் பின்னாடி போய்க்கலாம்." கூடமே சிரித்தது. மெர்வின் மட்டும் சிரிக்கவில்லை. மடியில் தன் புத்தகத்தை விரித்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

எஸ்டெல் வரி காட்டும் வெள்ளிக் குச்சியைச் சுருளில் வைத்து ஆரம்பித்தாள். அறுவடையில் வயலின் ஓரத்தை ஏழைகளுக்கு விட்டுவைக்கச் சொல்லும் பகுதி அது. நான் மெர்வினுக்குப் பின்னால் சுவரோரம் நின்றிருந்தேன். அவர் முணுமுணுப்பு நின்றது. அவளைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். அவள் வாசித்துக்கொண்டிருந்த அதே பக்கம்தான் அவர் மடியில் திறந்திருந்தது. அவர் அனுப்பிய நாள்காட்டியைப் பார்த்துத் தேர்ந்த வாரம் அவருடைய வாரமாக அல்லாமல் வேறு எதுவாக இருக்கும்? என் மரமண்டைக்கு அப்போதுதான் எட்டியது.

அவர் விரல் பக்கத்தில் இறங்கி அவளோடு நகர ஆரம்பித்தது. பாதி போயிருப்பாள், ஒரு சொல்லைத் தவறாக வாசித்துவிட்டாள். எங்கள் பழக்கத்தில் யாரும் கண்டுகொள்ள மாட்டோம். ஆனால் கடைசி வரிசையிலிருந்து மெர்வின் சரியான சொல்லை உரக்கச் சொன்னார். எல்லாத் தலையும் திரும்பியது. என் கையில் தேநீர்க் கெண்டி இல்லாதது அவர் அதிர்ஷ்டம்.

எஸ்டெல் குச்சியைப் பின்னால் நகர்த்தி, அந்தச் சொல்லைத் திருத்தி வாசித்து, மேலே போனாள். அதற்குப் பிறகு அவள் எங்கும் தடுமாறவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் முட்டை சாண்ட்விச் தட்டோடு நான் நேரே அவரிடம் போனேன். எஸ்டெலும் பின்னாலேயே வந்தாள்.

"எங்க வழக்கத்துல யாரையும் பாதியில நிறுத்தித் திருத்த மாட்டோம். மொத தடவை வாசிக்கிறா, மனசு நோகாதா?"

"பாட்டுக் கச்சேரின்னா நானும் பேசாமதாம்மா இருந்திருப்பேன்," என்றார் மெர்வின். "இவ தோரா வாசிச்சா. எங்க முறைல தோராவுல தப்பு வந்தாக் கேக்கறவன் திருத்தியே ஆகணும், திருத்தாம விட்டா நான் கேட்டதாவே ஆகாது." கையிலிருந்த புத்தகத்தை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். "என் வாரத்தை இன்னைக்கு இவகிட்டயே கேட்டாச்சு. இனிமே நான் தனியாப் படிக்க வேண்டியதில்ல."

எஸ்டெல் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "அப்பாடா," என்றாள். கண் நிறைந்திருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, ரொம்பப் பசிக்கிறது என்று என் தட்டை அப்படியே வாங்கிக்கொண்டாள்.