ராஜு அண்ணனின் சினிமாக் காடி

எங்கள் பினாங்கு ஒட்டுக்கடையில் தே தாரேக் தேநீர் ஆறுவதற்குள் ராஜு அண்ணன் தன் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினார். சென்னையில் யாரோ ஒருவர் பழைய சினிமாக் கார்களுக்கென்றே இணையத்தில் ஒரு பக்கம் நடத்துகிறாராம். அதில் அந்தச் சிவப்புக் கார். கூரையில்லாத, இரண்டே கதவுள்ள கார். கதாநாயகி மஞ்சள் பூப்போட்ட புடவை பறக்க மலைச்சாலையில் ஓட்டிக்கொண்டு போவாரே, அதே கார்தான். எங்கள் வயதுக்காரர்களுக்குக் கதை மறந்திருக்கலாம், கார் மறந்திருக்காது. படத்துக்குக் கீழே, படப்பிடிப்பு பினாங்கில் நடந்தது, கார் சிங்கப்பூரிலிருந்து வரவழைக்கப்பட்டது என்று போட்டிருந்தது.

“சிங்கப்பூரா?” என்றார் அண்ணன். “அது என் காடி லா.”

இந்த வாக்கியத்தை நாற்பது வருஷத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஒட்டுக்கடை மேசையில் யாரும் நம்பியதில்லை. “அப்ப அந்தப் படத்துல வர்ற பெர்ரிக் கப்பலும் உங்களுதுதானே அண்ணே?” என்று கேட்போம். அவர் கோபித்துக்கொண்டு ரொட்டி சானாயைக் கிழிப்பார். அவர் வீட்டுப் பத்மா அண்ணிகூட, “கல்யாணத்துக்கு முன்னாடி இவரு என்னென்ன வச்சிருந்தாரோ, யாரு கண்டா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்.

எனக்கு நம்பிக்கை வராததற்கும் காரணம் உண்டு. படம் எடுத்தபோது அண்ணன் கடலுக்கு அக்கரையில், நிபோங் திபால் தோட்டத்தில் இருந்தார். எங்கள் கப்பல் கம்பெனி ஆபீசுக்கு அவர் வேலைக்கு வந்தது அதற்கப்புறம்தான். வரும்போதே காரை விற்றுவிட்டிருந்தார். தோட்டத்து வெள்ளைக்கார மானேஜர் ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன கார் என்பார். அதோடு நின்று எடுத்த ஒரு போட்டோ வைத்திருக்கிறார், நம்பர் பளிச்சென்று தெரியும். ஆனால் நாட்டில் சிவப்புக் கார் ஒன்றேதானா? படத்தைப் பார்த்து ஒத்துப்பார்க்கலாமென்றால், இணையத்தில் கிடைக்கிற பிரதியில் நம்பர் பிளேட் ஒரு கறுப்புக் கறை.

சென்னைக்காரருக்கு எழுதினேன். ஆதாரம் இருந்தால் மகிழ்ச்சியுடன் திருத்துகிறேன் என்று மிக மரியாதையாகப் பதில் போட்டார். அந்த மரியாதைதான் அண்ணனைச் சுட்டது.

“நீ ரிட்டையராயிட்டு சும்மாதானே கெடக்க. தேடு” என்றார்.

அந்தக் காரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வாசம். வெயிலில் வெந்த ரெக்சின் சீட், கூடவே கற்பூரம். படப்பிடிப்பின் முதல் நாள் பூஜையைப் பார்க்க, கடுமையான வயிற்றுப்போக்கென்று டாக்டரிடம் எம்.சி. சீட்டு வாங்கி லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். மெட்ராஸ்காரர்கள் காருக்கு ஒரு மாலை போட்டார்கள். நம் ஊரில் வந்து அவர்கள் மட்டும் போட்டால் எப்படி? ஒரு கோயில் கமிட்டி இன்னொரு மாலை போட்டது. அதைப் பார்த்த எதிர்க் கமிட்டி அதைவிடப் பெரிதாக ஒன்று போட்டது. பூசணிக்காய் உடைக்கும் நேரத்தில் காரின் முன்பக்கம் கல்யாண மேடை மாதிரி ஆகிவிட்டது. டைரக்டர் விளக்கு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்.

இதன் விளைவு எனக்கு இப்போதுதான் புரிந்தது. ஊரிலுள்ள பழைய ஆல்பங்களையெல்லாம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நம்பர் பிளேட்டின் மேல் சாமந்திப்பூ. மாலை வாடிய பிறகு எடுத்த படங்களில் மனிதர்கள். நம் ஆட்களுக்குக் காரோடு படமெடுத்துக்கொள்ள ஒரே ஒரு முறைதான் தெரியும்: முன்னால் போய் நின்று, பானட்டில் ஒரு கையை ஊன்றி, சொந்தக் கார் போல முறைப்பது. ஒரு படத்தில் மாலை இல்லை, கூட்டமும் இல்லை. பெல்பாட்டம் போட்ட ஒரே ஒரு ஒல்லிப்பிச்சான் சரியாக நம்பர் பிளேட்டை மறைத்துக்கொண்டு நின்றான். உற்றுப் பார்த்தால் அது நான். எனக்குப் பின்னால், சுங்க இலாகாவுக்குப் போவதாகச் சொல்லியிருந்த என் மானேஜர்.

கடைசியில் வழி சொன்னது இன்னொரு ஆல்பத்தின் பின்னட்டையிலிருந்த ஸ்டூடியோ முத்திரை. படக் கம்பெனிக்கு உள்ளூரில் ஸ்டில்ஸ் எடுத்துக்கொடுத்தவர் அந்த ஸ்டூடியோக்காரர். அவர் காலமாகிவிட்டார். மகள் கெலுகோரில் இருக்கிறார். “அப்பாவோட நெகட்டிவ் எல்லாம் ஸ்டோர் ரூம்ல கெடக்கு அங்கிள். எடுத்துப் பாருங்க, ஆனா தூசி லா” என்றார்.

நெகட்டிவ் பார்ப்பதற்கு அவரே ஒரு வித்தை சொல்லித்தந்தார். டேப்லட்டில் வெறும் வெள்ளைத் திரையை வைத்து அதன்மேல் பிலிமைப் பரப்பிப் படமெடுத்து, கைப்பேசியில் நிறத்தைத் தலைகீழாக்க வேண்டும். தலைகீழாக்கும் வரை நாங்களெல்லாம் வெள்ளைக்காரர்கள், தலைமுடி மட்டும் நரைத்த வெள்ளைக்காரர்கள். தும்மிக்கொண்டே பார்த்துப்போனதில் பாலிக் புலாவ் மலைச்சாலை வந்தது. சிவப்புக் கார் வந்தது. மாலை இல்லை, ஆள் மறைக்கவில்லை. நம்பர் பளிச்சென்று இருந்தது. அண்ணனின் நம்பர்தான்.

துள்ளிக் குதித்திருப்பேன். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த கதாநாயகியின் முன்கையில் இருந்த முடி என்னைத் தடுத்தது. மஞ்சள் பூப்போட்ட புடவை, நீளச் சவுரி, கறுப்புக் கண்ணாடி, விரலிடுக்கில் சிகரெட். பெரிதாக்கிப் பார்த்தேன். ராஜு அண்ணன்.

மறுநாள் ஒட்டுக்கடையில் வைத்துக் காட்டினேன். அண்ணன் கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

“அந்தம்மாவுக்கு ஓட்டத் தெரியாது” என்றார் பிறகு. “டூப் போட ஒரு ஆள் கொண்டாந்தாங்க. அவன் கியர் போட்ட சத்தத்தக் கேட்டதும் சாவியப் புடுங்கிட்டேன். என் காடிய எவன் கையிலயும் குடுக்க மாட்டேன்னேன். அப்ப நீயே புடவையக் கட்டுன்னுட்டாங்க.”

“மீசை?”

“எடுத்தேன். வீட்டுல வேண்டுதல்னு சொன்னேன்.”

எனக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது, அடக்கவும் இல்லை. அவர் சிரிக்கவில்லை. “என்ன வெட்டிட்டு அனுப்பேன்” என்றார். வெட்டிப் பார்த்தோம். அவரை எடுத்துவிட்டால் புடவையும் போய்விடுகிறது. புடவை போனால் அது சினிமாவே இல்லை, மலைச்சாலையில் நிற்கும் ஏதோ ஒரு கார். ஆதாரம் வேண்டுமென்றால் சவுரியோடுதான் வேண்டும். ஆயுசுக்கும் நம்பாமல் சிரித்தவர்கள், இனி நம்பிச் சிரிப்பார்கள். எது மேல் என்று அவருக்குத் தெரியவில்லை. சத்தியமாக எனக்கும் தெரியவில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர், அன்று மாலையே என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். அண்ணியிடம் தானே படத்தைக் காட்டியிருந்தார். பத்மா அண்ணி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைப்பேசியை ஜன்னல் பக்கம் பிடித்திருந்தார்.

“இந்தப் புடவைதான் அப்ப கடை கடையா வித்துச்சி” என்றார். “பொண்ணு பாக்க வந்தப்ப இதத்தான் நான் கட்டியிருந்தேன். என்னப் பாத்ததுமே இவரு வாய் கொள்ளாம சிரிச்சாரு. சிரிச்ச மொகமா இருக்காரே, நம்மளப் பிடிச்சிருச்சி போலன்னு உடனே சரின்னுட்டேன்.”

அண்ணன் தரையைப் பார்த்தார்.

“இதுக்கா சிரிச்சீங்க?”

“பிடிச்சும் இருந்திச்சி லா” என்றார் அண்ணன் மெதுவாக.

அண்ணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்தார். பிறகு கைப்பேசியை என்னிடம் கொடுத்து, “அனுப்பு தம்பி. என்னவிட இவருக்குத்தான் நல்லாக் கட்டிவிட்டிருக்காங்க” என்றார். அனுப்பினேன். சென்னைக்காரர் சொன்னபடியே திருத்தினார். கார் பினாங்குக் கார், ஓட்டியது அதன் உரிமையாளர். கீழே உலகெங்கிலுமிருந்து கேலியும் பாராட்டும் வந்து விழுந்தன. அண்ணி அதையெல்லாம் தன் தங்கைக்குப் போனில் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

கார் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. அந்த ஸ்டூடியோ இருந்த கடைவீட்டில் இப்போது சுற்றுலாக்காரர்கள் தங்குகிறார்கள். இதெல்லாம் ஊர் வழக்கம், பழகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை பசியாறும்போது பக்கத்து மேசைக்காரர் ஒருவர் அந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தார். நாங்கள் எல்லோரும் ஆசையோடு அண்ணனைப் பார்த்தோம். “ஆமா, நம்ம காடிதான்” என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. பெர்ரிக் கப்பலும் உங்களுதுதானே என்று கேட்க இனி வழியில்லை. அவர் ரொட்டியை அமைதியாகச் சாப்பிட்டு முடித்து, கை கழுவ எழுந்து போனார்.