ஞானம்மாள் கூப்பிட்டபோது

போன வாரம் மதுரையில் மகன் வீட்டில் இருந்தேன். காலையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தபோது பாதத்தில் சில்லென்றது. குனிந்து பார்த்தால் சோப்புத் தண்ணீர். துணி துவைக்கிற மிஷின் நிரம்பி வழிந்து, சமையலறையைத் தாண்டி வந்து, என் செருப்பில் ஒன்றை மிதக்கவிட்டிருந்தது. என் மருமகள் நல்ல பெண்தான். ஆனாலும் அவள் வாயில் முதலில் வந்தது வேலைக்கார அம்மாவின் பெயர். "நீங்கதான் எதையாவது அமுக்கியிருப்பீங்க." அந்த அம்மா துணியை எடுத்துத் தண்ணீரை ஒற்றிப் பிழிய ஆரம்பித்தாள்.

ரிப்பேருக்கு வந்தவர் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். அப்போதும் உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. "பாத்தீங்களா, கரண்டே இல்ல, தண்ணி வருது. உள்ள வால்வு அடைக்கல. இவங்க மேல தப்பு இல்ல" என்றார். மொத்தம் இரண்டு நிமிஷம். அதற்குமேல் எனக்குப் பேப்பர் ஓடவில்லை. எழுந்து வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இரண்டாம் உலக யுத்த காலம். ராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணியை வெளுத்து அனுப்புகிற ஒரு பட்டறையில் சூப்பர்வைசராக இருந்தேன். சூப்பர்வைசர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கையில் ஒரு நோட்டு, காதில் ஒரு பென்சில், அவ்வளவுதான். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலை ரயிலில் போவேன், சாயங்கால ரயிலில் திரும்புவேன். பிளீச்சிங் பவுடர் நெடி சட்டையில் ஊறிப்போய், ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் செத்த நேரத்தில் எழுந்து வேறு இடம் பார்ப்பார்கள். எனக்கும் ஜன்னல் ஓரம் கிடைக்கும்.

அங்கேயும் ஒரு மிஷின் இருந்தது. ஆயில் எஞ்சினில் பெல்ட் போட்டுச் சுற்றுகிற பெரிய மரப்பீப்பாய், அதற்குக் கீழே ஒரு தொட்டி. சோடாக் காரத்தில் அவித்த துணியை அதில்தான் அலசுவோம். தொட்டிக்குள் தேங்காய் அளவில் ஒரு செம்புக் குண்டு மிதக்கும். தண்ணீர் ஏற ஏறக் குண்டும் ஏறி, தன் கம்பியால் குழாயை அடைத்துவிடும். அது அடைக்காவிட்டால் கையால் அடைக்க ஏணிமேல் ஒரு திருகு உண்டு. துருப்பிடித்த திருகு. ஒரு ஆள் ஏணியைப் பிடிக்க, ஒரு ஆள் தொங்கினால்தான் அசையும்.

மிஷினைப் பார்த்துக்கொண்டவள் ஞானம்மாள். நாற்பது வயதிருக்கும். புருஷன் இல்லை. எங்கள் ஊர் மடவார் வளாகத்திலிருந்து நான் வருகிற ரயிலில்தான் வருவாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாடின பாட்டைத் திங்கட்கிழமை எஞ்சின் சத்தத்துக்கு மேல் பாடுவாள். நான் தப்பாகக் கணக்குப் போட்டால், "தம்பி, பென்சில காதுல வச்சா போதாது" என்பாள். எனக்குச் சுருக்கென்றிருக்கும். சிரித்துவைப்பேன்.

ஒரு நாள் மத்தியானம். மற்ற பெண்கள் வெளியே களத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மதிலுக்குப் பின்னால் போய் சிகரெட் பற்றவைத்தேன். பஞ்சும் துணியும் கிடக்கிற இடம். சிகரெட்டோடு பிடிபட்டால் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார் முதலாளி. ஆனாலும் அந்த வயதில் சிகரெட் பிடித்தால்தான் சூப்பர்வைசர் என்று எனக்கு ஒரு நினைப்பு.

திரும்பி வந்தபோது கொட்டகைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். காரத்தண்ணீர். மடித்துக் கட்டி அனுப்பத் தயாராக இருந்த பேண்டேஜ் கட்டுகள் அதில் ஊறிக்கிடந்தன. ஞானம்மாள் ஏணிமேல் திருகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் எஞ்சினை நிறுத்திவிட்டு, அவளோடு சேர்ந்து திருகை அடைத்தேன். அவள் இறங்கியபோதுதான் பார்த்தேன், இரண்டு பாதமும் வெந்து தோல் உரிந்திருந்தது. வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அப்புறம் முதலாளி வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், கோபம் வந்தால் முதல் வார்த்தை அதில்தான் வரும். "ஏமய்யா, எப்படி ஆச்சு?"

நான் சொன்னேன்: "அந்தம்மா கண்ணசந்துட்டாங்க முதலாளி."

அவ்வளவு சுலபமாக வந்தது. ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

மறுநாள் காலில் கட்டோடு நொண்டிக்கொண்டு வந்தவளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் உள்ளே நோட்டில் குனிந்திருந்தேன்.

பத்து நாள் போயிருக்கும். புதிதாக வந்தவள் மிஷினுக்குப் பக்கத்திலேயே நிற்கிறாள், நானும் நிற்கிறேன். எங்கள் கண் முன்னால் தண்ணீர் விளிம்பைத் தொட்டது. குண்டு மேலே வரவே இல்லை, தொட்டியின் அடியில் கிடந்தது. இருவருமாகத் திருகை அடைத்தோம். ஃபிட்டர் சவரிமுத்து வந்து குண்டைக் கழற்றி, காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினார். களக் களக் என்றது. "பொடி ஓட்ட, வடிஞ்சா மெதக்கும். அன்னைக்கு மாதிரி இன்னைக்கும் உள்ள தண்ணி ஏறிருச்சு. பொறவு எங்குட்டு மெதக்கும்?" என்றார்.

"அடப்பாவமே, அந்த அம்மாவைப் போய்க் கூட்டிட்டு வாய்யா" என்று முதலாளி என்னையே அனுப்பினார்.

மடவார் வளாகத்தில் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். மிஷினில்தான் கோளாறு, முதலாளி கூப்பிடுகிறார் என்றேன்.

"மிஷினப் பத்தி நான் கேக்கல தம்பி. நான் தூங்குனத நீங்க பாத்தீகளா?"

நான் குனிந்து அவள் காலைப் பார்த்தேன்.

"நாலு தடவ தம்பி தம்பின்னு கூப்ட்டேன். எங்க இருந்தீக?"

எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வாரேன். ஆனா நான் தூங்கலன்னு அம்புட்டுப் பேரு முன்னால நீங்க சொல்லணும்."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வந்து முதலாளியிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "அவங்களுக்கு வேற எடத்துல வேலை கெடச்சிருச்சாம்." முதல் பொய்யாவது பயத்தில் வந்தது. இதை ரயிலில் உட்கார்ந்து நிதானமாகத் தயார் செய்தேன்.

ஒரு மாதம் கழித்து ஞானம்மாள் தன்னுடைய தூக்குச்சட்டியை எடுத்துப்போக வந்தாள். முதலாளி எதிரே நின்றிருந்தார். "என்னம்மா, புது வேலை எப்படி?"

"எந்த வேல முதலாளி?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். களத்துப் பெண்களும் பார்த்தார்கள்.

சொல்லிவிட்டேன். சிகரெட்டிலிருந்து எல்லாவற்றையும்.  

ஞானம்மாள், "இதச் சொல்லவா இம்புட்டு நாளு?" என்று மட்டும் கேட்டாள்.

முதலாளி என்னை வெளியே அனுப்புவார் என்றுதான் நினைத்தேன். அவர் அனுப்பவில்லை. "நாளையிலருந்து மிஷினுக்கு அந்த அம்மாதான் பெரிய ஆளு. அவுக சொல்றத நீ கேளு" என்றார். அப்படியே நடந்தது. ஒவ்வொரு தடவையும் தொட்டி நிறையும்போது, களம் முழுக்கக் கேட்கிற மாதிரி அவள் கூப்பிடுவாள்: "தம்பி, நெறயுது, வந்து பாத்துக்கிடுங்க!" ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை. எங்கே இருந்தாலும் ஓடுவேன். குண்டு ஏறி அடைக்கிற வரை நின்று பார்த்துவிட்டுத் திரும்புவேன். களத்துப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள். ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தாலும் வேறு ஒரு பேச்சுக் கிடையாது. மூன்று வருஷம். திங்கட்கிழமைப் பாட்டையும் நான் திரும்பக் கேட்கவில்லை. சரியாக நடக்காத காலோடுதான் அவள் ஸ்டேஷன் படி ஏறுவாள். நான் பின்னாலேயே மெதுவாக ஏறுவேன். முந்திப் போக மனம் வராது.

யுத்தம் முடிந்து ஆர்டர் குறைந்தது. ஆட்களை நிறுத்தினார்கள். அவள் தூத்துக்குடியில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறாள் என்று யாரோ சொன்னார்கள். என்னிடம் அவள் சொல்லவில்லை.

இப்போது அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். களத்தில் கார் நிறுத்துகிறார்கள். முதலாளி போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. சவரிமுத்துவும் போய்விட்டார். ஞானம்மாள் இருந்தால் நூறு வயதிருக்கும். களத்துப் பெண்களில் ஒருத்தி மகாராஜபுரத்தில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டுப் போனேன், அவளுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. நான் சொன்ன பொய்யைக் கேட்டவர்கள் யாரும் இல்லை. பிறகு சொன்ன உண்மையைக் கேட்டவர்களும் இல்லை. இரண்டையும் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் மிச்சம்.