பாய்லருக்கும் ஆபீசுக்கும் நடுவே தைலம்மாள்

கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம் போகிற ரோட்டில், இடது கைப் பக்கம் சாதுல்லா பாயின் அரிசி மில். முன்னால் எடைமேடையும் ஆபீசும். பின்னால், உமிக் குவியலை ஒட்டிப் பாய்லர் கொட்டகை. நடுவில் நெல் ஊறுகிற தொட்டிகள், அவித்த நெல்லைக் காய வைக்கிற டிரையர், அரவை மிஷின்கள். எல்லாம் ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்கிறவன் பேச்சே காதில் விழாது. அந்த இரைச்சலுக்குள்ளே முன்னுக்கும் பின்னுக்கும் நடந்து பேச்சைச் சுமந்தவள் தைலம்மாள்.

அவள் பிறந்தது கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் மேலே ஒரு சின்ன ஊர். வாழ்க்கைப்பட்டது நைனார்பாளையம். புருசன் இதே மில்லில் மூட்டை தூக்கினவன். அவன் போய்ச் சேர்ந்த பிறகு, சாதுல்லா பாயின் தாயார் ஆசியா பீவி கூப்பிட்டு வேலை கொடுத்தார். என்ன வேலை என்று கேட்டால் சொல்லப் பேரில்லை. எந்தத் தொட்டிக்கு ஆவி விட வேண்டும், எந்த லாரிக்கு எந்த அரிசி போக வேண்டும் என்று ஆபீசில் சொல்வார்கள், அதைப் பின்னால் போய்ச் சொல்ல வேண்டும். பாய்லரில் ஆவி எவ்வளவு நிற்கிறது, நெல் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று பின்னால் சொல்வார்கள், அதை முன்னால் வந்து சொல்ல வேண்டும்.

செல்போன் வந்த பிறகும் அவள் நடை நிற்கவில்லை. கொட்டகை இரைச்சலில் போன் கேட்காது என்பது ஒரு காரணம். ஆபீசுக் கணக்கர் கலையரசனும் பாய்லர் மேஸ்திரி பச்சமுத்துவும் ஒருத்தரோடு ஒருத்தர் பேச மாட்டார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

அன்னியர்களாக இருந்தால் பேசியிருப்பார்கள். பச்சமுத்துவின் கூடப்பிறந்த தங்கை நிர்மலாவைத்தான் கலையரசன் கட்டியிருந்தான். அவர்கள் மகள் பாரதி வயசுக்கு வந்தபோது பச்சமுத்து தாய்மாமன் சீரை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். உளுந்தூர்பேட்டையில் சொந்தக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிய வண்டி, வழியில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. இங்கே நல்ல நேரம் போகிறதென்று கலையரசன் அவசரப்பட்டு, நிர்மலாவுக்குச் சித்தப்பா மகன் ஒருத்தனை மாமன் இடத்தில் நிறுத்தி மாலை போட வைத்துவிட்டான். பச்சமுத்து பந்தலுக்குள் நுழையும்போது பந்தியே முடிந்திருந்தது. தட்டுகளை இறக்காமல் அப்படியே வண்டியைத் திருப்பினான். அதற்கப்புறம் ஒரே மில்லில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து இத்தனை வருசம் ஓட்டிவிட்டார்கள்.

தைலம்மாள் தன் மாமியார் வழியில் பச்சமுத்துவுக்கு அக்கா முறை. நிர்மலாவுக்கும் அக்கா, அதனால் கலையரசனும் அக்கா என்றே கூப்பிடுவான். நடுவில் நடக்க அவளைவிடத் தோதான ஆள் கிடையாது.

அவள் நடந்த நடையை இப்போது நினைத்தாலும் அவளுக்கே சிரிப்பு வரும். ஆவி குறைந்தால் கலையரசன், "அந்தக் கும்பகர்ணன எழுப்பி உமி தள்ளச் சொல்லு" என்பான். அவள் தொட்டிகளைக் கடந்து, வேப்ப மரத்தடியில் ஒரு வாய் வெற்றிலை போட்டுக்கொண்டு, கொட்டகைக்குள் நுழைவாள். நுழையும்போது அந்தப் பேச்சு வேறாகியிருக்கும். "உமி நனஞ்சி கெடக்குதா தம்பி? மெதுவா ஏத்தச் சொன்னாரு." பச்சமுத்து, "நாற்காலி தேய்க்கறவனுக்கு நெருப்பப் பத்தி இன்னா தெரியும்" என்பான். ஆபீசுக்கு வரும்போது அது, "கொஞ்சம் பொறுத்துக்குவாராம், ஏத்திடறேன்னாரு" என்று ஆகியிருக்கும். அவள் பிறந்த ஊரில் சாவு, கல்யாணம், சண்டை எல்லாம் ஆள் நடந்துதான் அடுத்த ஊருக்குத் தெரியும். கோபத்தை அப்படியே கொண்டுபோகிறவனுக்கு அங்கே யாரும் சோறு போட மாட்டார்கள். அந்தப் பழக்கம் மலையிறங்கியும் அவளை விடவில்லை.

போகப் போக, குறைப்பதோடு நிற்காமல் கூட்டவும் தொடங்கினாள். பச்சமுத்து முட்டி வலியில் காலை இழுத்து நடந்த சமயம், "மேஸ்திரிக்கு முட்டி எப்பிடிக்கீதுனு மாப்ள கேட்டாரு, கடுகெண்ணெ காய்ச்சித் தேய்க்கணுமாம்" என்று சொன்னாள். கலையரசன் கேட்கவே இல்லை. பாரதி நர்சிங் பரீட்சைக்குப் போனபோது ஒரு பொட்டலம் திருநீறைக் கலையரசனிடம் நீட்டி, "மாமன் குடுத்தனுப்புனாரு" என்றாள். மாமனுக்கு அது தெரியவே தெரியாது. இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டார்கள். ஏன் எதற்கென்று யாரும் துருவவில்லை. பாரதிக்குத் தையில் கல்யாணம் என்று முடிவானபோது, கலையரசன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே, வெள்ளிக்கிழமை மச்சான் வூட்டுக்குப் போய்ப் பாக்கு வைத்து அழைக்கலாம் என்றிருப்பதாகத் தைலம்மாளிடம் சொன்னான். கல்யாணப் பொண்ணு நெற்றியில் பட்டம் கட்டுகிறது தாய்மாமன் உரிமை. அதைச் சொன்ன அன்றைக்கு அவள் வேப்ப மரத்தடியில் கொஞ்சம் கூடுதலாகவே நின்றாள்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால்தான் புது ஏற்பாடு வந்தது.

சாதுல்லா பாயின் மருமகள் ருக்சார் படித்த பெண், மில்லைக் கையில் எடுத்திருந்தாள். கோயம்புத்தூரிலிருந்து ஆட்களை வரவழைத்துப் பாய்லரில் ஒன்று, ஒவ்வொரு தொட்டியிலும் ஒன்று, டிரையரில் ஒன்று என்று சின்னச் சின்னக் கருவிகளை மாட்டினாள். எல்லாக் கம்பியும் ஆபீசுக் கம்ப்யூட்டருக்கு வந்தது. ஆவி எவ்வளவு, நெல்லில் ஈரம் எவ்வளவு, எந்த லாரி எடைமேடையில் நிற்கிறது, எல்லாம் ஒரே திரையில். பாய்லர் கொட்டகையிலும் ஒரு திரை மாட்டினார்கள். ஆபீசில் அடித்தால் அங்கே எழுத்து விழும். அங்கே ஒரு பொத்தானை அழுத்திப் பேசினால் ஆபீசு ஸ்பீக்கர் பெட்டியில் கேட்கும். ஏற்பாட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. முதல் வாரமே உமி மிச்சப்பட்டது, நெல் ஒரே பதமாக வெந்தது.

தைலம்மாளைக் கூப்பிட்டு, "இனிமே வெய்யில்ல நடக்க வேணாம் பெரிம்மா, அரிசி பொறுக்கற எடத்துல ஒக்காந்துக்கினு பாத்துக்கங்க, சம்பளம் கொறையாது" என்றாள் ருக்சார். இன்னும் கொஞ்ச நாள் நடக்கிறேன் பாப்பா என்று கேட்டுப் பார்த்தாள் தைலம்மாள். ஏன் என்று கேட்டதற்கு அவளால் காரணம் சொல்ல முடியவில்லை.

அவள் பயந்தது நடந்தது. மழைநாள், உமி நனைந்திருந்தது, ஆவி ஏறவில்லை. கலையரசன் இத்தனை வருசம் தைலம்மாளிடம் எப்படிச் சொல்வானோ அப்படியே கம்ப்யூட்டரில் அடித்துவிட்டான். 'அங்கே மேஸ்திரி படுத்துத் தூங்குறாரா?' பச்சமுத்து எழுத்துக் கூட்டி அதைப் படித்தான். பிறகு பொத்தானை அழுத்தி, தைலம்மாளிடம் சொல்கிற மாதிரியே, நாற்காலி தேய்க்கிறவனை வந்து நெருப்பை ஊதச் சொல்லு என்றான். ஆபீசில் சாதுல்லா பாயும், நெல் விற்க வந்த இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டி சத்தமாகவே சொன்னது.

வெள்ளிக்கிழமை போயிற்று, பாக்கு வைக்க யாரும் போகவில்லை. பட்டம் கட்ட அந்தச் சித்தப்பா மகனையே வரச் சொல்லப்போகிறேன் என்று கலையரசன் வீட்டில் சொல்லிவிட்டான். நிர்மலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மில் வாசலில் வந்து நின்றாள். அண்ணன் நிற்காத மணையில் என் பொண்ணு எப்படி உட்காருவாள், நீ ஒரு வார்த்தை சொல்லேன் அக்கா என்றாள். தைலம்மாள் கொட்டகைக்குப் போனாள். போகும்போதே ஒரு நல்ல வார்த்தையைத் தயார் செய்துகொண்டுதான் போனாள். பச்சமுத்து திரையைக் காட்டினான்.

"அவுரு சொன்னது எழுத்துல கீது. நீ வாயால இன்னா சொன்னாலும் அத அழிக்க முடியுமா?"

அவள் முதல் முறையாக வெறுங்கையோடு திரும்பி நடந்தாள்.

மறுநாள் காலை பச்சமுத்துவே ஆபீசுக்குள் வந்துவிட்டான். தலையெல்லாம் உமித்தூசி. கலையரசனைப் பார்க்காமல் முதலாளி பக்கம் திரும்பி நின்றான்.

"நீங்களே கேளுங்க பாய். முட்டி வலிக்குக் கடுகெண்ணெ தேய்ன்னு சொல்லி அனுப்புன மனுசன், இன்னிக்கு நான் தூங்கறனான்னு கேக்கறாரு. ரெண்டுல எது நெசம்?"

கலையரசனும் பாயைப் பார்த்தே பேசினான். "நான் எங்க பாய் எண்ணெ தேய்க்கச் சொன்னேன்? அவுருதான் எம் பொண்ணு பரிச்சைக்குத் துன்னூறு குடுத்தனுப்புனாரு. அந்தக் கையாலயே பொத்தான அழுத்தி, நாலு பேரு முன்னாடி என்ன நாற்காலி தேய்க்கறவன்றாரு."

"துன்னூறா? நான் எந்தத் துன்னூறு குடுத்தேன்?"

சாதுல்லா பாய் கண்ணாடியைக் கழற்றினார். ருக்சார் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினாள். கதவோரத்தில் முறத்தோடு நின்ற தைலம்மாள் மேல் எல்லார் கண்ணும் போய் விழுந்தது. ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது.

"துன்னூறு எங்க ஊருக் கோயிலுது" என்றாள் மெதுவாக. பிறகு, எங்கிருந்து வந்ததோ அந்தத் தைரியம், முறத்தைக் கீழே வைத்தாள். "இன்னா பண்ணச் சொல்றீங்க? நீங்க ரெண்டு பேரும் சொன்னத சொன்னபடி சொல்லியிருந்தா, இந்த மில்லுல ஒரு மூட்ட நெல்லு வெந்திருக்காது."

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். கலையரசனுக்கு வரவில்லை, முகம் கறுத்துவிட்டது. தன்னோடு சேர்ந்து ஏமாந்த ஆள் யாரென்று தேடுகிறவன் போலத் திரும்பினான்.

"கேட்டீங்களா மச்சான், இத்தினி வருசமா நம்ம ரெண்டு பேரயும் வச்சிப் பொம்மலாட்டம் ஆடிக்கினு இருந்திருக்காங்க இந்த அக்கா."

மச்சான் என்று சொல்லிவிட்ட பிறகுதான் சொன்னது அவனுக்கே தெரிந்தது. பச்சமுத்து உமித்தூசியைத் தட்டினான், திரும்பத் திரும்ப ஒரே இடத்தைத் தட்டினான்.

"எனக்கு மட்டும் தெரியுமா மாப்ள" என்றான்.

பிறகு கலையரசன் மேசையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "அந்த எண்ணெ தேய்ச்சீங்களா?"

"தேய்ச்சேன்."

"இப்ப எப்பிடிக்கீது முட்டி?"

"மழ வந்தா இழுக்குது" என்றான் பச்சமுத்து.

அன்றைக்குச் சாயங்காலமே நிர்மலாவும் கலையரசனும் பாக்குத் தட்டோடு பச்சமுத்து வீட்டுக்குப் போனார்கள். போன இடத்தில் இரண்டு ஆம்பிளைகளும் ஒரு முடிவு எடுத்தார்கள். இனிமேல் தைலம்மாளோடு பேசுவதில்லை என்பது அந்த முடிவு. அதில் இரண்டு பேருக்கும் அப்படி ஒரு ஒற்றுமை. நிர்மலா சண்டை போட்டுத்தான் அவளுக்குத் தனியாக வந்து பாக்கு வைத்தாள்.

தைலம்மாள் அரிசி பொறுக்குகிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மிஷினே கறுப்பு அரிசியை ஊதித் தள்ளிவிடும், அவள் சும்மா பார்த்தால் போதும். பார்வை அடிக்கடி வேப்ப மரத்துப் பக்கம் போகும். ஒரு பேச்சை வாயில் அடக்கிக்கொண்டு, இதை எப்படிச் சொல்லலாம் என்று யோசித்தபடி நடந்த அந்த நடை, வெற்றிலைச் சாறோடு ருசியாக நினைவுக்கு வரும். அவள் வாழ்நாளில் அவளை நம்பி எல்லாரும் எதையாவது கொடுத்தனுப்பிய காலம் அது ஒன்றுதான்.

தை மாசம் சின்னசேலத்தில் கல்யாணம். தைலம்மாள் மண்டபத்தில் பின்வரிசையில் உட்கார்ந்தாள். பச்சமுத்து முட்டியைப் பிடித்துக்கொண்டு மேடை ஏறி, பாரதி நெற்றியில் பட்டம் கட்டினான். பட்டம் கோணலாக இருக்கிறது என்றான் கலையரசன். சரியாகத்தான் இருக்கிறது, உன் கண்தான் கோணல் என்றான் பச்சமுத்து. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்க, மேடையிலேயே இருவருக்கும் வாக்குவாதம் ஏறிற்று. பொண்ணு தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

தைலம்மாளுக்குக் கால் பரபரத்தது. பாதி எழுந்தும்விட்டாள். அப்புறம், நேருக்கு நேர் நின்று கத்திக்கொண்டிருக்கிற அந்த இரண்டு பேரையும் கண்குளிரப் பார்த்துவிட்டு, திரும்ப உட்கார்ந்தாள்.