மிச்சம் பிடித்த குளிசை

இறக்கக்கண்டி யேசுரட்ணத்துக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாது. சாப்பிடும்போதும் ஒரு காது பாதையில்தான். பஸ் ஓடுகிறதா, ஆமிக்காரர் காவல் சென்றியில் மறிக்கிறார்களா, இதுதான் நாள் முழுக்க விசாரம். திருகோணமலைத் துறைமுகத்தில் இருபத்தைந்து வருடம் சீமெந்து மூட்டை சுமந்தவர். தூசியும் சுருட்டும் சேர்ந்து சுவாசப்பையைத் தின்றுவிட்டன. இரண்டு மாதத்துக்கொரு தடவை சளி பச்சையாகும், காய்ச்சல் வரும், மூச்சு இழுக்கும். நகரத்து ஆசுபத்திரியில் கிருமியைக் கொல்ல மருந்துக் குளிசை தருவார்கள். பத்து நாளைக்கு விடாமல் குடிக்கச் சொல்லித்தான் தருவார்கள்.

மனிதர் ஐந்து நாள்தான் குடிப்பார். சளி வெளுத்ததும் மிச்சம் பிஸ்கற் தகரத்துக்குள் போகும், தகரம் அலுமாரிக்கு மேலே ஏறும். விசர், பைத்தியம் என்று சொல்லிவிடலாம். ஆனால் தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் பாதை பூட்டியபோது பதினொரு நாள் மருந்தில்லாமல் மூச்சுக்கு அந்தரப்பட்டவர் அவர். அரிசி, மண்ணெண்ணெய், நெருப்புப்பெட்டி எல்லாம் ஊரே பதுக்கியது. அவர் குளிசையையும் பதுக்கினார், அவ்வளவுதான். மனைவி ஐவிக்கு மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அவள் விடமாட்டாள்.

ஆறு வருடம் இப்படியே ஓடியது. தொண்ணூற்றாறு மார்கழியில் மழையும் காய்ச்சலும் சேர்ந்து வந்தன, பாதையும் பூட்டியது. யேசுரட்ணம் சண்டையில் வென்றவர்போலக் கதிரையில் ஏறித் தகரத்தை இறக்கினார். ஐவி வாயைப் பிளந்தாள்.

"இவ்வளவும் எங்காலை?"

"எல்லாம் நான் மிச்சம் பிடிச்சது. வெள்ளம் வரமுதல் அணை கட்ட வேணுமெல்லே!"

நாலு நாள் குடித்தார். சளி வெளுக்கவில்லை. ஐந்தாம் நாள் இருமலோடு இரத்தம் வந்தது. நல்ல காலம், அன்று பாதை திறந்தார்கள். ஐவி தகரத்திலிருந்து ஒரு பிடி குளிசையைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு அவரைப் பஸ்ஸில் ஏற்றினாள்.

ஆசுபத்திரியில் ஐவி தகரத்துக் கதை முழுக்கச் சொன்னாள். சளியைச் சோதிப்பித்த டொக்டர் நபீஸா, குளிசையையும் பார்த்தார், ஆளையும் பார்த்தார்.

"ஐயா, பாம்பை அடிச்சு அரை உயிரோட விட்டா அது என்ன செய்யும்? நீங்கள் ஆறு வருசமா அதைத்தான் செய்திருக்கிறீங்கள். உங்கட கிருமி பழகிட்டுது, அதுக்கு இந்தக் குளிசை இனிக் கேளாது. ஊசி போடுவம். பிறகு வேற குளிசை பத்து நாளைக்கு. ஒரு வேளையும் விட ஏலாது. இதுவும் கேளாமப் போனா என்னட்ட வேற மருந்தில்லை."

யேசுரட்ணத்துக்கு வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். "ஓம், டொக்டர்" என்றார்.

ஊசி முடிந்து வீடு வந்தார். புதுக் குளிசை தொடங்கி ஆறாம் நாள் சளி வெளுத்தது. பழக்கதோசத்தில் கதிரையில் ஏறினார், கை அலுமாரி மேல் போனது. தகரம் அங்கே இல்லை. ஐவி பழைய குளிசையை எல்லாம் கிடங்கு வெட்டிப் புதைத்துவிட்டு, தகரத்தைக் கோழித்தீனுக்கு எடுத்திருந்தாள்.

பத்தாம் நாள் பின்னேரம், கையில் கடைசிக் குளிசை. சைக்கிளில் போன அயல்வீட்டு ஸஹாப்தீன் நானா வாசல் படலையடியில் கத்திவிட்டுப் போனார்: "நாளைக்குப் பாதை பூட்டுறாங்களாம்!"

யேசுரட்ணத்தின் விரல்கள் மூடிக்கொண்டன.

"ஐவி, இந்த ஒண்டை மட்டும் வைப்பமே?"

"விழுங்குங்கோ."

"பாதை பூட்டினா?"

"பூட்டட்டும். நீங்கள் போயிட்டா எனக்கு ஆர் இருக்கினம்?" தண்ணீரை அவர் வாயருகே கொண்டுபோனாள்.

விழுங்கினார். அவர் வீட்டில் ஒரு குளிசைகூட மிச்சமில்லாமல் போனது ஆறு வருடத்தில் அன்றுதான்.

விடியப் பாதை பூட்டியது. பஸ் வராத தெருவைப் பார்த்தபடி படலையடியில் நின்று, மூச்சை மெல்ல உள்ளே எடுத்துப் பார்த்தார். இருமல் வரவில்லை. நம்ப முடியாமல் இன்னொரு தடவை எடுத்தார். அன்று இருட்டும்வரை அதே வேலைதான் அவருக்கு.