கீழ்நோக்கிய கட்டைவிரல்

குடுவையின் உட்சுவரைக் கண்ணாடிக் கோலால் கீறிக்கொண்டிருக்கிறார். கிறீச், கிறீச். பக்கத்து அறைக்காரர்கள் பல் கூசிக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். இருநூறு கீறல், பிறகு குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, மூச்சடக்கி ஒரு பார்வை. உள்ளே தேன்போலச் சோம்பலாகப் புரள்கிறது பாகு. "இன்னைக்கும் மனசு வரல இவளுக்கு" என்று பாகைச் சொல்லிக்கொண்டே மூடி போடுகிறார்.

ஐம்பத்தெட்டு வயதான இந்த வேதியியலாளரை ஆய்வுக்கூடமே 'பாகம்மா' என்றுதான் அழைக்கிறது. முப்பத்துமூன்று ஆண்டுகளாக அவர் ஆராய்வது, கிருமிகள் தம்மேல் போர்த்திக்கொள்ளும் சர்க்கரைச் சங்கிலிகளை. மற்றவர்களுக்குத் தூளாகவும் படிகமாகவும் கிடைப்பது இவருக்குப் பெரும்பாலும் பாகாகவே கிடைக்கும். அவருடைய வெள்ளை மேலங்கியின் வலக்கை நுனி எப்போதும் விறைத்திருக்கும். கஞ்சி போட்டதல்ல, காய்ந்த பாகு.

ஒரு சர்க்கரை இன்னொன்றோடு சேருமிடத்தில் பிணைப்பு கீழ்நோக்கியும் இருக்கலாம், மேல்நோக்கியும் இருக்கலாம். உருளைக்கிழங்கு மாவையும் பஞ்சு நாரையும் பிரிப்பது அந்த ஒரு திருப்பம்தான் என்பார். சொல்லும்போதே இடக்கையை மடக்கிக் கட்டைவிரலைத் திருப்பிக் காட்டுவார். சமையல் பொறுப்பு கணவருடையது. அந்தக் கட்டைவிரலைப் பற்றி அவருக்கு ஒரு புகார் உண்டு.

"குழம்பு எப்படின்னு கேட்டேன், கட்டைவிரலக் கீழ காட்டினா. கோவத்துல ரெண்டு நாள் பேசல. அப்புறம்தான் தெரிஞ்சுது, இவ குழம்பையே கவனிக்கல, ஏதோ பிணைப்ப நெனச்சிட்டிருந்திருக்கா. எங்க வீட்டுல ரெண்டு பேருக்குமே சர்க்கரைங்க. எனக்கு ரத்தத்துல, இவளுக்கு மண்டையில."

இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன், ஒரு கிருமியின் நான்கு சர்க்கரைகள் கோத்த துண்டில் மூன்றாம் பிணைப்பு கீழ்நோக்கியது என்று எழுதினார். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த கட்டுரை அது, பாடநூலிலும் ஏறிவிட்டது. சென்ற ஆண்டு, தொலைவிலுள்ள ஓர் ஆய்வுக்குழுவிடமிருந்து கடிதம் வந்தது: 'உங்கள் படத்தின்படியே அந்தத் துண்டைச் செய்து பார்த்தோம். கிருமியிலிருப்பதோடு ஒத்துப்போகவில்லை.'

"அவங்க செஞ்சதுலதான் கோளாறுன்னு ஒரு வரி எழுதிப் போடு. ரெண்டு வருஷத்துல ஓய்வு பெறப் போற. யாரு கேக்கப் போறா?" என்றார் கணவர்.

"பாகு கேக்கும்" என்றார் அவர்.

அந்த ஒரு பிணைப்பைப் பற்றி மற்றக் கருவிகளெல்லாம் இரு பக்கமும் தலையாட்டின. பாகு படிகமானால் எக்ஸ் கதிரில் வைத்து அணு அணுவாகப் பார்த்துவிடலாம். அன்றைய ஆய்வில் எஞ்சியிருந்த பாகுத் துளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். குடுவையைக் கீறினால் அந்தக் கீறலைப் பற்றிக்கொண்டு படிகம் முளைக்கும் என்று பதினொரு மாதம் கீறினார்.

எக்ஸ் கதிர்க் கருவியை இயக்குபவருக்கு மார்பு வரை தாடி. அதில் பழைய படிகத்தூள் தங்கியிருக்கும், ஒரு துகள் விழுந்தால் பாகு உறையும் என்பது இத்தொழிலில் பாதி நம்பிக்கை, பாதி கேலி.

"தம்பி, போற போக்குல தாடிய இங்க ஒரு உதறு உதறிட்டுப் போங்க."

"எண்ணெய் தடவியிருக்கேன் அக்கா. அப்புறம் உங்க கட்டுரையில அதையும் சேர்த்து எழுதணும்." சொல்லிவிட்டு உதறத்தான் செய்வார்.

தாடி செய்த வேலையோ, கோல் செய்த வேலையோ, ஒரு செவ்வாய்க்கிழமை காலை குடுவையின் அடியில் வெண்புள்ளி ஒன்று தெரிந்தது. அவர் கோலைக் கீழே வைத்துவிட்டார். புள்ளியிலிருந்து ஓர் ஊசி நீண்டது. அதன் தோளிலிருந்து இன்னொன்று. யாரையும் கூப்பிடவில்லை. மேசை விளிம்பில் மோவாயை ஊன்றி, மதியம் வரை இமைக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அடி என் தங்கமே, இவ்வளவு அழக வெச்சுக்கிட்டா இத்தன மாசம் ஒளிஞ்சிருந்த?"

மூன்றாம் நாள் தாடிக்காரர் ஒரு தாளோடு வந்து வாசலிலேயே நின்றார்.

"அக்கா... அந்த மூணாவது பிணைப்பு..."

"ரெண்டு தடவ பாத்தீங்களா?"

"நாலு தடவ பாத்துட்டேன்."

தாளை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போனார். ஒவ்வோர் அணுவாக விரல் நகர்ந்தது. மூன்றாம் பிணைப்பில் நின்றது. தாடிக்காரர் தரையைப் பார்த்தார்.

"எப்படித் திரும்பியிருக்கா பாருங்க தம்பி" என்றார் பாகம்மா. குரலில் சிறு குழந்தையின் வியப்பு. "இவ சரியாத்தான் நின்னிருக்கா. நான்தான் தலைகீழா பாத்திருக்கேன். இன்னைக்கே எழுதிடணும், பிழை என்னோடதுன்னு."

பிறகு இடக்கையை மடக்கி, இருபத்தாறு ஆண்டுகளாகக் கீழ்நோக்கியிருந்த கட்டைவிரலை மெல்ல, மிக மெல்ல, மேலே திருப்பினார்.