மைக்கை நிறுத்தச் சொன்ன அம்மா

என் தங்கைக்கு என்ன என்பதில் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கருத்து இருந்தது. அப்பாவுக்கு அது பிடிவாதம். அத்தைக்குக் கண்திருஷ்டி. சுருளிப்பட்டியில் எங்கள் தெருக்காரர்களுக்கு அம்மாவின் வளர்ப்பு சரியில்லை. மிக்சி ஓடினால் தங்கை காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். யாராவது திடீரென்று தூக்கினால் கடித்துவிடுவாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டாள். அப்போது அவளுக்கு ஆறு வயது, எனக்கு ஒன்பது.

அம்மா மட்டும் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறித் தேனிக்குப் போய்வர ஆரம்பித்தாள். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு அங்கே ஒரு டீச்சர் வகுப்பு எடுத்தார்.

"கோளாறு புள்ளைக்கு. படிப்பு ஒனக்கா?" என்று கேட்டார் அப்பா. திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போகிற அவசரத்திலும் இதைக் கேட்க அவருக்கு நேரமிருந்தது.

"கோளாறு இல்லைங்க. நமக்கு லேசாக் கேக்குற சத்தம் அவளுக்கு இடி மாதிரி கேக்குமாம். டீச்சரு சொன்னாக."

"காது நல்லாக் கேட்டா நல்லதுதான?" என்று சொல்லிவிட்டு அப்பா வண்டியை எடுத்தார்.

அந்தச் சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போயே ஆகவேண்டும் என்று அத்தை ஒற்றைக்காலில் நின்றாள். கௌமாரியம்மன் காலில் போட்டு எடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமாம். அம்மா அரை மனதாகச் சம்மதித்தாள். ஆனால் விடிகாலையில் போய், கூட்டம் சேருமுன் திரும்பிவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னாள். அத்தையும் தலையாட்டினாள். அவள் சேலை மாற்றித் தலை சீவி முடிக்கும்போது மணி எட்டரை.

நாங்கள் போய் இறங்கியபோது வீரபாண்டி கொதித்துக்கொண்டிருந்தது. மேளம், ராட்டினத்தின் இரைச்சல், அக்கினிச்சட்டி எடுத்து வருகிறவர்களின் குலவை, ஆயிரம் பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஊதும் ஊதல். தங்கை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அம்மாவின் இடுப்போடு ஒட்டிக்கொண்டாள். அர்ச்சனைத் தட்டு வாங்க அம்மா நகர்ந்த ஐந்து நிமிடம் அவளை என்னிடம் ஒப்படைத்தாள். பக்கத்திலேயே வளையல் கடை. வளையல் போட்டுப் பார்க்க இரண்டு கைகளும் வேண்டியிருந்தன.

திரும்பிப் பார்த்தால் தங்கையைக் காணோம்.

"அவளா உருவிக்கிட்டு ஓடிட்டா" என்று நான் கூசாமல் பொய் சொன்னேன். அத்தை மாரில் அடித்துக்கொண்டாள். "ஏத்தா, ஆத்துப் பக்கம் போயிருந்தா என்ன செய்ய?" முல்லையாறு கோயிலை ஒட்டித்தான் ஓடுகிறது. அதைக் கேட்ட பிறகுதான் கையில் மாட்டியிருந்த வளையல்களைக் கழற்றிப் போட்டேன்.

அப்பா ஓடிப்போய் மைக்கில் சொல்லவைத்தார். மஞ்சள் கவுன் போட்ட ஆறு வயதுப் பெண் குழந்தை எங்கிருந்தாலும் உடனே வரும்படி அத்தனை ஒலிபெருக்கிக் குழாய்களும் அலறின.

"மைக்க நிப்பாட்டச் சொல்லுங்க" என்றாள் அம்மா.

"புள்ளையக் காணோம்னு நிக்கிறேன். கிறுக்கு புடிச்சிருச்சா ஒனக்கு?"

"கூப்பிட்டா வர்ற புள்ளையாங்க அவ? அந்தச் சத்தத்துக்கு இன்னும் தூரமாத்தான் ஓடுவா."

அப்பா மைக் இருந்த பக்கம் திரும்ப ஓடினார். குழாய்கள் அடங்கின.

அம்மா தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடவே இல்லை. எந்தப் பக்கம் இரைச்சல் குறைகிறதோ அந்தப் பக்கமாக நடந்தாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். கடை வரிசைக்குப் பின்புறம், ஆற்றுச் சரிவுக்கு மேலே, ஒரு தண்ணீர் லாரி நின்றிருந்தது. அதன் அடியில், சக்கரத்தோடு முதுகை ஒட்டி, தங்கை முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாரித் தூக்கப் பாய்ந்த அத்தையை அம்மா மறித்தாள். "தொடாதீக மதினி. அவளா வரட்டும்."

பட்டுச்சேலையோடு சேற்றில் உட்கார்ந்தாள் அம்மா. கை எட்டாத தூரம். பேசவில்லை, அழவில்லை. வேடிக்கை பார்க்க ஆட்கள் சேர்ந்தார்கள். "பெத்தவளப் பாரேன், கல்லு கணக்கா உக்காந்திருக்கா" என்றது ஒரு குரல். அப்பா இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அவர்களுக்கு முன்னால் போய் நின்றார். "எல்லாரும் போங்கய்யா. எம்புள்ளைக்குச் சத்தம் ஆகாது" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். லாரி டிரைவரிடம் வண்டியைக் கிளப்பவேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவரும் தேனிக்குப் போனார். அங்கே போய்க் கேட்ட கேள்விகளுக்கு டீச்சரே களைத்துப்போனார் என்று அம்மா சொல்லுவாள்.

வெகுநேரம் அப்படியே இருந்தோம். அடி விழப்போகிறது என்று பயந்து நான் அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். கடைசியில் அழுகை முட்டிக்கொண்டு வர, "நான்தாம்மா கைய விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அம்மா சட்டென்று என்னை இழுத்து மடியில் போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மூச்சு முட்டியது, விலா எலும்பு வலித்தது. என் உச்சந்தலையில் சூடாக ஈரம் இறங்கியது. கண்கள் மட்டும் என் தலைக்கு மேலாக லாரிக்கு அடியிலேயே இருந்தன.

தங்கை மெல்ல நகர்ந்து வந்து, அம்மாவின் முந்தானை நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு ஒரே பெருமை. இவ்வளவு பெரிய தப்புச் செய்தும் அடிக்காமல் கட்டிக்கொள்கிறாள் என்றால், அம்மாவுக்கு என்னைத்தான் அதிகம் பிடிக்கும் என்று முடிவு செய்துகொண்டேன். அந்த அணைப்பு யாருக்குச் சேரவேண்டியது என்று கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.